குமிழ் மரத்தில் விளைந்த கால்

தொட்டில், நாற்காலி, படகு என்று கேட்பவர்களுக்கு வேண்டியதை வனத்துறை மரத்திலேயே விளைவித்துக் கொடுத்தது. வெண்ணிலாவுக்கு, ஜவ்வாது மலையின் ஒரு குமிழ் மரத்தில், வருடத்துக்கு ஒன்றாக இடது கால் விளைந்தது.

இந்த வருடத்துக் காலை மாட்டிக்கொண்டு எழுந்ததும் அவள் ஒருபக்கம் சாய்ந்தாள். கால் இரண்டு விரற்கடை நீளமாக இருந்தது.

"மழை நல்லா பேஞ்சுதும்மா, மரம் முந்திக்கிச்சு," என்றார் வனக்காவலர் ஜெயவேலு. "மேல அறுத்தா முட்டியில பொருந்தாது. அடியில அறுத்துடலாம்."

"அறுத்துடுங்கண்ணா," என்றாள் அம்மா. "திங்கக்கெழம ஆறாவது சேரணும். நடந்துதான் போவேன்னு ஒரே அடம்."

ஜெயவேலு ரம்பத்தை எடுத்தார். வெண்ணிலா குனிந்து மரப்பாதத்தைத் தடவினாள். அவளுடைய வலது காலில் உள்ளதைப் போலவே அதிலும் சுண்டுவிரல் லேசாக மடங்கியிருந்தது. போன வருடத்துக் காலில் விரல்களே இல்லை.

"அறுத்தா வெரலெல்லாம் போயிடும் மாமா."

"அப்ப எப்படி நடப்ப?"

"நானும் வளந்துட்டுதான இருக்கேன்?"

ஜெயவேலு சிரித்துக்கொண்டே ரம்பத்தைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை அவள் வலது செருப்பின் அடியில் விரற்கடை தடிமனில் இரண்டு ரப்பர் அட்டைகளை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள். பொங்கலுக்கு முன்பே அதில் ஒன்றை உரித்தெடுத்து, மரத்திடம் காட்டுவதற்காக மலையேறி வந்தாள்.