கூடி உட்கார்ந்த சனிக்கிழமை

கேமரா திரையில் எட்டுத் தலைகள் தெரிந்தன. எட்டும் நீள மேசை மேல் குனிந்தபடி இருந்தன. முக்கால் மணி நேரமாக ஒன்றுகூட நிமிரவில்லை.

பிரின்சிபால் திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க அய்யா, கூட்டுப் பாடத்திட்டம்! ஏழு வாரத்துல எப்படி மாத்திப்போட்டேன் பாத்தீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்து டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார் பள்ளியின் முதலாளி வெள்ளியங்கிரி. பனியன் கம்பெனி வைத்திருப்பவர், பிறகு பள்ளிக்கூடமும் வைத்தார். இரண்டு இடத்திலும் ஆள் உள்ளே போனதும் கேட்டைச் சாத்தச் சொல்வது அவர் வழக்கம்.

"கை விடாம ஆடுதுங்களே," என்றார்.

"எழுதற வேகமுங்க அய்யா!"

கேமரா கதவுக்கு மேலே மாட்டியிருந்தது. பின்தலையும் முதுகும் முழங்கையும்தான் அதற்குத் தெரியும். திருமூர்த்திக்கும் அவ்வளவுதான் தெரியும்.

முன்பெல்லாம் டீச்சர்கள் அவரவர் வீட்டில் பாடத்திட்டம் எழுதி வருவார்கள். கோயமுத்தூரில் ஏதோ ஓட்டலில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், கழுத்தில் அட்டையோடு திரும்பிய திருமூர்த்தி, இனிமேல் சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் போனதும் எல்லோரும் கூடி உட்கார்ந்துதான் எழுதவேண்டும் என்று சட்டம் போட்டார். முதல் இரண்டு வாரம் தானே நடுவில் உட்கார்ந்தார். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

வெள்ளியங்கிரிதான் அப்போது வழி சொன்னார். "தலைவன் எட்டி நிக்கோணுமுங்க சார். நீங்க அந்த ரூமுப் பக்கமே போகாதீங்க. நான் பாத்துக்கறேன்."

பயிற்சியில் சொன்னதும் அதேதான். திருமூர்த்தி அதை டைரியில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஒருத்தியைத் தவிர எந்த டீச்சரும் மட்டம் போடவில்லை.

திங்கள்கிழமை எட்டு நோட்டும் மேசைக்கு வந்துவிடும். எட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பாடத்திட்டம். ஒற்றுமை என்று பூரித்துப்போவார். போன வருஷத்து நோட்டிலும் அதே வரிகள்தான் இருந்தன, ஆனால் பழசைப் புரட்டிப் பார்ப்பது பெரிய மனிதர்கள் வேலை இல்லையே. நோட்டுக்குள்ளிருந்து கலர் கலராய் நூல் துணுக்குகள் உதிர்ந்தபோது, "சார்ட் ஒட்டியிருக்காங்க, செயல்வழிக் கற்றல்!" என்று ஊதித் தள்ளினார்.

கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் கணக்கு டீச்சர் விஜயராணி. நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய மகள் இதே பள்ளியில் நாலாவது படிக்கிறாள், டீச்சர் பிள்ளை என்பதால் ஃபீஸ் கிடையாது. இன்றைக்கு அவளுக்கு விசாரணை.

நோட்டோடு வந்து நின்றாள்.

"எல்லாரும் கூடி உட்காரும்போது உங்களுக்கு மட்டும் என்னம்மா கௌரவம்?" என்றார் திருமூர்த்தி.

"ரெண்டு வகுப்புக்கும் பாடத்திட்டம் எழுதிட்டேன் சார். பின்னம் நடத்த துணி மடிச்சுக் காட்டுத மாதிரி யோசிச்சிருக்கேன். பாருங்க."

"தனியா எழுதுனது எனக்கு வேண்டாம். சேர்ந்து செஞ்சதுதான் வேணும்."

"அப்படின்னா ஒருக்கா அந்த ரூமுக்கு வந்து பாருங்க சார். இருபது அடி நடந்தாப் போதும்."

"எட்டி நிக்கறதுதாம்மா தலைமை. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. அங்க போயி நின்னா அவங்க மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும்."

விஜயராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆள் நடிக்கிறாரா, நிஜமாகவே இவ்வளவுதானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியவே தெரியாதா சார்? அங்க…"

"அம்மணி," என்றார் வெள்ளியங்கிரி. குரலில் வெண்ணெய் வழிந்தது. "உங்க பொண்ணு நம்ம ஸ்கூல்லதானுங்க படிக்குது?"

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"படிக்கா சார்," என்றாள்.

"நல்லாப் படிக்கட்டுமுங்க. நீங்களும் போயி அந்த மேசையில உக்காந்துட்டா ஒரு வம்பும் இல்ல பாருங்க."

விஜயராணி திரையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

"அந்த மேசையில உக்கார மாட்டேன் சார். நான் பாடம் நடத்த வந்தவ."

"அப்ப திங்கக்கிழமை வரவேண்டாம்," என்றார் திருமூர்த்தி. "சேர்ந்து உழைக்கத் தெரியாதவங்களுக்கு இங்க இடமில்ல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "பிள்ளைகளுக்கு ஆகும், யாராவது நடத்தட்டும்," என்று சொல்லி வெளியே போனாள். மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கத் தனியாக ஒரு நாள் வரவேண்டும்.

திருமூர்த்தி அந்த நோட்டைத் திறக்கவில்லை. அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

"கடுமையாப் போயிட்டனுங்களா அய்யா?"

"சேச்சே! நீங்க செஞ்சதுதானுங்க சரி. மாற்றம்னா நாலு பேரு போறதுதான்."

"அடுத்த மாசம் மத்த ஸ்கூல் பிரின்சிபால்களக் கூப்பிட்டு இதக் காட்டலாம்னு இருக்கேனுங்க."

"அதுக்கு இப்ப என்னங்க அவசரம்? நீங்க எப்பவும் போல எட்டியே நில்லுங்க."

திருமூர்த்தி நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார். முதலாளி என்றால் இவரல்லவா முதலாளி.

வெள்ளியங்கிரி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"வேல்குமாரு, இன்னும் நாலு மூட்டை பனியன ஸ்கூலுக்கு அனுப்புடா. நூல் பிசிறு வெட்டறதுல டீச்சருங்க கை நல்லாத் தேறிடுச்சு."