கொடியில் ஈரப் புடவை

"மூணாவது திருப்பத்துல சைக்கிள விட்டு எறங்கி நடங்க சார். ஒரு கொத்து தழைய ஒடிச்சிப் போட்டுட்டு அப்புறமா ஏறிக்கங்க" என்றார் டீக்கடைத் தீர்த்தகிரி.

"ஏன், அங்க என்ன இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என் பொஞ்சாதி இருக்கா சார். ஆறு மாசம் முன்ன அங்கதான் செத்தா. எறங்காம போனா, கேரியர்ல வந்து குந்திக்குவா."

சொல்லிவிட்டு டீயை ஆற்றினார். முகத்தில் ஒரு பொட்டு வருத்தம் இல்லை.

எங்கள் வசந்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அரையாண்டு லீவுக்கு மலைமேல் காவலூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தோம். அண்ணன் சைக்கிளில் இவரும் வசந்தியும், அண்ணி சைக்கிளில் நான். மலையைச் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. விடிந்து வெகு நேரமாகியும் பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

கை கழுவக் கடைக்குப் பின்னால் போனேன். கொடியில் மஞ்சள் புடவை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது. பக்கத்தில் ரவிக்கை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்டாட்டி போய் ஆறே மாசம். அதற்குள் இன்னொருத்தியா!

"பாத்தீங்களா லட்சணத்த?" என்று இவரிடம் பொரிந்து தள்ளினேன். "செத்தவளப் பேயாக்கிட்டு, உசிரோட ஒருத்தியக் கொண்டாந்து வச்சிருக்கான். இவனையெல்லாம் பேய் பிடிச்சா தப்பே இல்ல."

"பேயாவது பிசாசாவது! வசந்தி, கேரியரைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. அப்பா பிரேக்கே பிடிக்காம எறங்கறேன் பாரு."

"விளையாடாதீங்க, குழந்தை பின்னால இருக்கா!"

அவர் காதில் ஏறினால்தானே!

முதல் திருப்பம் போனது. இரண்டாவதும் போனது. அவர் சைக்கிள் பனிக்குள் மறைந்தது. வசந்தி சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எறங்குங்க!"

பொம்பளைக் குரல். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

இவர் இரண்டு கையாலும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றார். முன் சக்கரத்துக்கு இரண்டு முழம் தள்ளிப் பாதி ரோடே இல்லை, சரிந்து போயிருந்தது. கீழே வெறும் பனி. ஓரத்தில் இடுப்புயரத்துக்குத் தழைக் குவியல். மேலே கிடந்ததெல்லாம் அப்போதுதான் ஒடித்த பச்சைத் தழை.

குவியலுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி வந்தாள். தலையில் தழைக்கட்டு.

"யா... யாரும்மா நீ?" என்றேன்.

"டீக்கடைக்காரர் பொஞ்சாதிங்க."

"ரெண்டாந்தாரமா?"

"இல்லீங்க. ஒரே தாரந்தான். திரௌபதி."

இவர் மெதுவாக என் பின்னால் வந்து நின்றுகொண்டார். வீரர்!

அவள் வசந்தியின் கன்னத்தைத் தொட்டாள். தடுக்க எனக்குக் கை எழவில்லை.

"அம்மா, இவங்க கை சூடா இருக்கு" என்றாள் வசந்தி.

அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. "நீ செத்துட்டேன்னு உன் புருஷன் சொன்னாரே?"

"நான்தாங்க அப்டி சொல்லச் சொன்னேன். ரோடு சரிஞ்சிருக்குது, எறங்கி நடங்கன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல. பேய் இருக்குதுன்னா பாதிப் பேராவது எறங்கறாங்க. தழை காஞ்சிட்டா பயம் போய்டும்ங்க. அதான் தெனம் குறுக்கு வழியில வந்து பச்சையாப் போட்டுட்டுப் போறேன்."

"அதுக்காக உசிரோட இருக்கிறவளச் செத்தவளாக்கறதா? அந்த மனுஷனுக்கு நாக்கு கூசலையா?" என்றேன். என் கோபம் இன்னும் அடங்கவில்லை.

அவள் தழைக்கட்டை இறக்கி அவிழ்த்தாள்.

"பாப்பாக்கு இன்னா வயசுங்க?"

"எட்டு."

"எங்க செந்தாமரைக்கும் எட்டுதாங்க. அதுங்கப்பன் சைக்கிள் கேரியர்ல குந்திகினு வந்துச்சு, இதே திருப்பத்துல." ஒரு கொத்துத் தழையைக் குவியல்மேல் வைத்தாள். "கொழந்தயப் போயி பேயின்னு சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் வாய் வர்லீங்க. அதான் நான் செத்துட்டேன்."