விழாத கோடு

“நாளைக்கு லீவு வேணும், சேர். அம்மான்ரை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை.”

லீவு கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே துஷாந்தினிக்குச் சொல்லியிருந்தார்கள்.

“செத்தவீட்டுக்கே மூண்டு நாள் தந்தனாங்கள். அதுக்கு முந்தியும் கந்தோருக்கு வராமல் வெளியிலை இருந்துதானே வேலை. என்னத்தைக் கிழிச்சனீர்?” என்றார் மனேச்சர்.

அவள் தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அதில் தான் உழைத்த ஒவ்வொரு நிமிடத்தின் பதிவையும் சேகரித்து, ஏறி இறங்கும் கோட்டு வரைபடமாக்கி வைத்திருந்தாள்.

மனேச்சரின் முகம் மலர்ந்தது. “உந்தப் போன மாதப் பதினாலாம் திகதியைப் பாரும். காலமை பதினொண்டு வரைக்கும் கோடு கீழை விழவேயில்லை. உப்பிடியெல்லோ வேலை செய்யோணும்.”

“அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை, அம்மான்ரை கட்டிலடியிலை இருந்து செய்தனான். பத்து மணிக்குத் தண்ணி கேட்டவ. பொறுங்கோ அம்மா எண்டனான். பதினொண்டுக்குத் திரும்பிப் பாக்கேக்கை மூச்சில்லை.”

கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, லீவு கிடைத்ததா என்று கேளாமலே படியிறங்கினாள்.