பொட்டு வைத்த ஸ்டாண்டு

வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டுக்குப் புது கேம் மெஷின் வந்தது. சின்னத் திரைதான் மெஷின்; கையில் பிடித்தும் ஆடலாம், ஸ்டாண்டில் செருகினால் டிவியிலும் ஆடலாம். அந்தத் திரையில் கறை படுமே என்று, அதைச் செருகிவைக்கும் ஸ்டாண்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பொட்டைப் பார்த்ததும் டிவிக்குத் தன்னால் மரியாதை வந்துவிட்டது.

"என் மேல ஓடுற விளையாட்டெல்லாம் உங்களோடதுங்களா?" என்று கேட்டது.

"பின்னே? இந்தப் பொடிசு சும்மா என் மடியில உக்காந்திருக்கு," என்றது ஸ்டாண்டு.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யாரோ சின்னத் திரையை ஸ்டாண்டிலிருந்து உருவிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். விட்ட இடத்திலிருந்து விளையாட்டுச் சத்தம் மேலே கேட்டது.

"ஆட்டம் அங்க நடக்குதுங்களே?" டிவி இழுத்தது.

"நான்தான் அனுப்பிவச்சேன்."

"அப்படிங்களா!" என்றது இருண்டு கிடந்த டிவி. அது புதிதாக வந்த அன்று வைத்த பொட்டு இன்னும் அதன் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருந்தது.