டேப் ஒட்டிய சுவிட்ச்

சுவிட்சின் மேல் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டியிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணவனின் பெயிண்ட் வாளியையும் பிரஷ்களையும் எடுத்துப் போகத்தான் வந்திருந்தாள். காரியம் முடிந்த மறுநாள். கூடத்துச் சீலிங் பாதி வெள்ளை, பாதி பழைய மஞ்சள். நடுவில் அவன் கழற்றிவிட்ட பல்ப் ஹோல்டர் ஒயரில் தொங்கியது. இரும்பு ஏணிகூட அதே இடத்தில் நின்றது.

"பாத்து எடுத்துக்க அம்மிணி," என்றார் வீட்டுக்காரர். "மயில்சாமி நல்ல பையன்தான். சுச்ச அணைக்காம கைய வெச்சுட்டான். என்ன பண்றது."

பதினாறு நாளாக இதே பேச்சு. போலீஸ்காரர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். குடித்திருப்பான் என்றார்கள் சொந்தக்காரர்கள். பீடிகூடத் தொடாதவன் அவன்.

அவளும் நம்பிவிட்டாள். செத்தவனை மனதுக்குள் வைதுகொண்டே இருந்தாள். ஒரு சுவிட்சை அணைக்கத் துப்பில்லையா உனக்கு, என்று.

டேப்பின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை.

எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அவன் பழக்கம் அது. முதலில் சுவிட்சை அணைப்பான். தெரியாமல் யாரும் போட்டுவிடக் கூடாதென்று மேலே டேப்பை ஒட்டுவான். பிறகுதான் ஏணியில் கால் வைப்பான்.

டேப்புக்கு அடியில் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன கூடம். ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை.

அவள் பம்ப் மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். பைக்குள் டெஸ்டர் எப்போதும் கிடக்கும். எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"அம்மிணி, என்ன பண்ற?"

ஹோல்டருக்குள் முனையை வைத்தாள்.

டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

சுவிட்ச் என்பது கரண்ட் போகிற வழியில் ஒரு கதவு. பல்புக்கு முன்னால் வைத்துச் சாத்தினாலும் பல்பு அணையும். பின்னால் வைத்துச் சாத்தினாலும் அணையும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. முன்னால் வைத்தால் கரண்ட் கதவோடு நின்றுவிடும். பின்னால் வைத்தால் பல்பு வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த வீட்டில் கதவு பின்னால் இருந்தது.

அவன் வெறுங்காலோடு இதே இரும்பு ஏணியில் நின்று கையை வைத்திருக்கிறான். அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில்.

"இந்த வீட்டு ஒயரிங் யாருங்க போட்டது?"

"நாந்தான். ஒரு ஆளக் கூப்பிடல. இருபது வருசமாச்சு, ஒரு கோளாறு கிடையாது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையின் மேல் வாளியோடு பெயிண்டைக் கொட்டலாம்போல் இருந்தது அவளுக்கு.

கீழே இறங்கினாள். ஏணியை விட்டு விலகி நின்றாள்.

"சுச்சு அணைஞ்சுதானுங்க இருக்குது. அவரு ஒட்டுன டேப்பு அப்படியே இருக்குது பாருங்க. இப்ப நீங்க ஏறி அந்த ஒயரத் தொடுங்க."

அவர் டேப்பைப் பார்த்தார். ஹோல்டரைப் பார்த்தார். சிரிக்க முயன்று விட்டுவிட்டார்.

"தொடறதுக்கென்ன. இரு, மெயின ஆஃப் பண்ணிக்கறேன். இந்த ஊட்டுல பல்பு மாத்தறதுன்னா நான் எப்பவுமே மெயின..."

பாதியில் நிறுத்தினார். கை மெயின் பெட்டியின் மேல் இருந்தது.

அவள் சுவிட்ச் பலகையை மறைத்துக்கொண்டு போய் நின்றாள். இனி அந்த டேப்பில் யார் கையும் படக் கூடாது.

பிறகு போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.