காதைத் தொட்ட கை

நுழைவுத் தேர்வின் சில இயற்கணிதக் கேள்விகளில் விடை கேட்கமாட்டார்கள். கொடுத்த விவரங்கள் விடை காணப் போதுமா என்றுதான் கேட்பார்கள். ஜவ்வாது மலை அருணகிரிக்கு அது தண்ணீர்பட்ட பாடு. இன்று அவன் மாட்டிக்கொண்டது தன் வயதில்.

“எம்மா, நான் எப்போ பொறந்தேன்?”

“சாமை அறுக்கச்சொல்ல.”

“எந்த வருசம்?”

“பெருமழை பேஞ்ச வருசம்.”

“ரெண்டும் சேர்ந்தாலும் போதாதும்மா. பள்ளிக்கூடத்துல எழுதின வயசுப்படி வரம்பு தாண்டிட்டேனாம். பரீட்சை எழுத வுடமாட்டாங்களாம்.”

பள்ளிக்கூடம் என்றதும் அம்மா மங்கம்மாளின் முகம் மலர்ந்தது.

“தலைக்கு மேல கைபோட்டுக் காதைத் தொட்டாத்தான் அஞ்சு வயசுன்னு சேர்ப்பாங்க. உனக்கு எட்டல. வாத்தியார் அந்தாண்ட திரும்பின நேரம் பார்த்து, நான்தான் உன் கையை இழுத்துத் தொடவெச்சேன். மத்தியானச் சோறு போடுவாங்களே! அப்புறம் நீ பசின்னு அழுததே இல்லடா.”