பெயரும் ஊரும் மாற்றியாயிற்று

சேலம் என்று மேடம் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பள்ளிக்கூட ஆசிரியை என்றபோதும்தான்.

பக்கவாதத்தில் பேச்சு போன அம்மா, இடது கையில் ஒரு ஸ்பூன், வேண்டும்போதெல்லாம் கட்டில் கம்பியில் டங் டங் என்று தட்டுவாள் என்று வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் ஊர் திருச்சி. ஆசிரியை இல்லை. ஸ்பூனால் தட்டியது அம்மாவும் இல்லை, மாமியார்.

ஸ்பூன் மட்டும் அதேதான்.

பத்மாசினி மேடம் மேடையில் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். மனநல ஆலோசகர்கள் சங்கத்தில் புதியவர்களை உறுப்பினராகச் சேர்க்கும் விழா. சேருகிறவர்களில் அவளும் ஒருத்தி. தம்மிடம் வந்த யாராவது ஒருவரின் கதையை மூத்தவர் ஒருவர் சொல்லித் தொடங்கிவைப்பது வழக்கம். பெயரையும் ஊரையும் மாற்றித்தான்.

வீட்டாரையும் அழைத்து வாருங்கள் என்றது இந்த வருஷம்தான்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர். புதுச் சட்டை. அவளுடைய கைப்பை அவர் மடியில்.

“ஸ்பூன் சத்தம் தாங்காமல் அந்தப் பெண் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்,” என்று வாசித்தார் மேடம். “உள்ளே ஒன்றும் இருக்காது. வெறும் ஜார்.”

சிரிப்பு.

“எங்க வீட்ல மிக்ஸியே வேணாம்டி. எங்க மாமியார் வாயைத் தொறந்தாப் போதும், வேற எதுவும் கேக்காது,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

“சும்மா இரு. பாவம், அந்தக் கிழவி எவ்வளவு நேரம் தட்டிச்சோ.”

“ஏன், இவ மட்டும் பாவம் இல்லியா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகமே சொல்லிவிடும்.

யாரிடமும் சொல்லாததை மேடத்திடம் சொன்னாள். உறுப்பினராக வேண்டுமானால் முதலில் ஒரு மூத்த ஆலோசகர் முன்னால் தானும் போய் உட்கார வேண்டும். சங்கத்தின் விதி. அடுத்தவர் பாரத்தைக் கேட்க வருகிறவள் தன் பாரத்தை எங்காவது இறக்கி வைத்துவிட்டு வரவேண்டுமாம்.

சரியென்று இறக்கி வைத்தாள்.

கதவு சாத்தியிருந்தது. மேடம் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். “இது இந்த அறையைத் தாண்டாதும்மா,” என்றார்.

இன்னொரு விதியும் உண்டு. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சொன்னவரைக் கேட்டுக்கொண்டுதான் வெளியில் சொல்ல வேண்டும். உறுப்பினர் நேர்காணலில் இந்த விதியைப் பற்றி அவளிடம் கேட்டதே மேடம்தான். அவள் சரியாகச் சொன்னாள். மேடம் தலையாட்டினார்.

இப்போது மேடம் கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, சின்னதாக ஒரு புன்னகை செய்தார். பரிசு கொடுக்கிறவர் மாதிரி.

பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வேண்டாம் மேடம் என்றாள் அவள். மனசுக்குள்தான்.

“ஒரு நாள் அவள் மிக்ஸியை நிறுத்தவே இல்லை. மோட்டார் புகைந்து அதுவாக நின்றது. வீடு அமைதியாக இருந்தது. போய்ப் பார்த்தால், ஸ்பூன் தரையில் கிடந்தது.”

உச் என்றது கூட்டம்.

அவள் கணவர் அசையவில்லை.

தேங்காய்ச் சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தேங்க, அந்தச் சத்தத்துல எனக்குக் கேக்கலை. அன்றைக்கு அவரிடம் அப்படித்தான் சொல்லி அழுதாள். அவர்தான் தேற்றினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காது என்றார்.

காரியம் முடிந்ததும் மிக்ஸியை ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனதும் அவர்தான்.

சட்னிக்கு இவ்ளோ நேரம் யாரு சார் ஓட்டுவா என்று கேட்டிருக்கிறான் கடைக்காரன். என் வீட்டம்மாவைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும் என்று நடுத்தெருவில் நின்று கத்திவிட்டு வந்தார்.

மேடம் ஊரை மாற்றினார். உறவை மாற்றினார். அந்தப் புகையை மாற்றத் தோன்றவில்லை.

கைதட்டல்.

அவர் தட்டவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, “அந்தக் கடைக்காரன்கிட்ட சண்டை போட்டேனே,” என்றார்.

“என்னங்க…”

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். கையில் உறுப்பினர் அட்டை. மேடம் உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள்.

கீழே அவர் எழுந்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். விழுந்துவிடாமல் சாய்த்து வைத்தார்.

“என்னிடம் சொல்லப்பட்டது அந்த அறையைத் தாண்டாது.”

தாண்டாது என்றது வரிசை.

அவள் உதடு அசையவில்லை. மேடம் கவனித்துவிட்டார்.

“என்னம்மா, படபடப்பா இருக்கா? பரவால்ல, மெதுவாச் சொல்லு.”

மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

தாண்டிவிட்டதே மேடம் என்று கேட்கலாம். கேட்டால், யாருடைய கதை என்றும் சொல்லவேண்டும். கேட்காமல் நின்றால், ஏன் நிற்கிறாய் என்பார்கள்.

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்து பார்த்தால் சட்டை கொஞ்சம் பெரிது. அவள்தான் எடுத்தாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவள் சொன்னாள்.

“என்னிடம் சொல்லப்பட்டது அந்த அறையைத் தாண்டாது.”

நல்ல மைக். கடைசி வரிசைவரை கேட்டது.

வாசலில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.